கார் அலாரத்தைப் பார்க்கிங் விளக்குகளுடன் இணைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சைரன் அலறும்போது சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது புரியும். வரிசையாக நிற்கும் வண்டிகளில் எது அலறுகிறது என்பது புரியாது. அதைக் காட்டிக்கொடுப்பவை விளக்குகள்தாம். அன்றாடப் பயன்பாட்டிலும் அவற்றுக்கு வேலை உண்டு. ரிமோட்டை அழுத்தியதும் ஒருமுறை மின்னினால் அலாரம் காவலுக்கு வந்துவிட்டது, இருமுறை மின்னினால் விலகிக்கொண்டது என்பது பெரும்பாலான அலாரங்களின் வழக்கம். நள்ளிரவில் வண்டியைப் பூட்டும்போது ஊரை எழுப்பாமல் இதைத் தெரிந்துகொள்ள முடிகிறது. அப்படியிருந்தும், அலாரம் பொருத்திய பல வண்டிகளில் விளக்குக்கான வயர் மட்டும் டேப் சுற்றப்பட்டு டேஷ்போர்டுக்கு அடியில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

கம்பெனி வயரிங்கில் கைவைக்கத் தயங்குவதே காரணம். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. பழைய வண்டியில் தவறாக இணைத்தால் ஒரு ஃபியூஸோடு போய்விடும். புதிய வண்டியில் விளக்குகளை ஆளும் மின்னணுப் பெட்டியே பழுதாகலாம். ஆனால் வயரோடு வயரைச் சேர்ப்பது சின்ன வேலைதான். நம் வண்டியின் சுற்று எந்த வகை என்று அளந்து கண்டுபிடிப்பதில்தான் பாதிக்கு மேற்பட்ட நேரம் போகும், போகவும் வேண்டும். ஆகவே அளப்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

இதில் உள்ளவை அனைத்தும் 12 வோல்ட் வண்டிகளுக்கு மட்டுமே. 24 வோல்ட் லாரிகளுக்கு ரிலேயிலிருந்து (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் மின் ஸ்விட்ச்) அலாரப் பெட்டிவரை எல்லாமே வேறு.

எந்த விளக்கு, எவ்வளவு கரண்ட்

ஹெட்லைட்டை மின்னவைக்கும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். 55 வாட் பல்பு இரண்டு சேர்ந்தால் 9 ஆம்பியரைத் தாண்டிவிடும். அலாரத்துக்குள் இருக்கும் சின்ன ரிலேக்கு அது பெரும் சுமை. பார்க்கிங் விளக்குச் சுற்றில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்றோ இரண்டோ, அதோடு டேஷ்போர்டு வெளிச்சம், அவ்வளவுதான். 5 வாட் பல்பு ஒன்று ஏறத்தாழ 0.4 ஆம்பியர் எடுக்கும். ஆறு பல்புகளுக்கு 2.5 ஆம்பியர், டேஷ்போர்டையும் சேர்த்தால் 3 ஆம்பியரை ஒட்டி வரும். எல்.இ.டி. விளக்குகள் என்றால் இன்னும் குறைவு.

இழை பல்பு குளிர்ந்திருக்கும்போது அதன் தடை மிகக் குறைவு. அதனால் எரியத் தொடங்கும் கணத்தில் வழக்கமான கரண்ட்டைப்போலப் பத்து மடங்கு வரை இழுக்கும். மில்லி விநாடிகள்தான் என்றாலும், அலாரம் மின்னும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். ஆகவே 3 ஆம்பியர் சுமைதானே என்று 3 ஆம்பியர் ஃபியூஸைப் போடாதீர்கள். 10 ஆம்பியர் சரியாக இருக்கும்.

சில அலாரங்களில் இடது, வலது இண்டிகேட்டர்களுக்கென்றே தனித்தனி வயர்கள் வரும். இண்டிகேட்டர் பல்பு 21 வாட். மூலைக்கொன்றாக நான்கு எரிந்தால் 7 ஆம்பியர். அலாரத்தின் கையேட்டில் அந்த வயருக்கான உச்சவரம்பைப் பார்த்துவிட்டு இணையுங்கள். எந்த விளக்கை மின்னவைக்கலாம் என்பதில் நாட்டுக்கு நாடு விதிகள் மாறும். அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சுற்று நான்கு வகை

முதல் வகை பாசிட்டிவ் சுற்று. விளக்கு ஸ்விட்சைப் போட்டால் 12 வோல்ட் நேராகப் பல்புகளுக்குப் போகும். வேலை எளிது.

இரண்டாவது நெகட்டிவ் சுற்று. ஸ்விட்ச் பல்புகளைத் தொடுவதே இல்லை. ஒரு ரிலேயின் காயிலை (அதை இயக்கும் மின்காந்தச் சுருள்) எர்த்தோடு, அதாவது பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்த வண்டியின் உலோக உடலோடு, சேர்க்கிறது; அந்த ரிலேதான் பல்புகளுக்கு 12 வோல்ட்டை அனுப்புகிறது. ஸ்விட்சிலிருந்து வரும் வயரில் விளக்கு அணைந்திருக்கும்போது 12 வோல்ட்டும், எரியும்போது பூஜ்யமும் காட்டும். முதல் வகைக்கு நேர் எதிர்.

மூன்றாவதில் இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என இரண்டு தனிச் சுற்றுகள். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் இப்படித்தான். சாவியை எடுத்துவிட்டு இண்டிகேட்டர் தண்டை ஒரு பக்கம் தள்ளினால் அந்தப் பக்கத்துப் பார்க்கிங் விளக்குகள் மட்டும் எரிகின்றனவா என்று பாருங்கள். எரிந்தால் உங்கள் வண்டி இந்த வகை.

நான்காவதில் ஸ்விட்ச் வெறும் தகவல் மட்டும் சொல்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு மின்தடையையோ, டிஜிட்டல் செய்தியையோ அது வண்டியின் உடல் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்பும். விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் அந்தப் பெட்டியின் வேலை. புதிய வண்டிகளில் இதுதான் அதிகம்.

கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் வேண்டாம். அது கணிசமான கரண்ட்டை இழுக்கும். மின்னணுச் சுற்றின் மெல்லிய சிக்னல் வயரில் வைத்தால் கெடுதல் செய்யக்கூடும். மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக் வயரிங். மீட்டர் முனையைக்கூட அங்கே கொண்டுபோகாதீர்கள்.

மற்றவை: விளக்குச் சுமைக்கு 1 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், ரிலே காயிலுக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் வயர், 30 ஆம்பியர் ரிலே அதன் சாக்கெட்டுடன், ஃபியூஸ் ஹோல்டர், 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) ஒன்று, சாலிடரிங் அயர்ன், வண்டி வயரிங்குக்கான துணி டேப். சாதாரண பிளாஸ்டிக் டேப் டேஷ்போர்டுச் சூட்டில் பசை உருகி நழுவிவிடும். அதை நம்ப வேண்டாம்.

வயரைக் கண்டுபிடித்தல்

தேட வேண்டிய இடங்கள்: விளக்கு ஸ்விட்சின் பின்புறக் கனெக்டர், ஸ்டீயரிங் தண்டுக்கு அடியில் உள்ள கனெக்டர், ஓட்டுநரின் காலருகே பக்கவாட்டுத் தகட்டுக்குப் பின்னால், கதவின் கீழ் விளிம்பு வழியாகப் பின்பக்கம் ஓடும் வயர் கட்டு, உள் ஃபியூஸ் பெட்டி. எதுவும் கைக்கு எட்டவில்லை என்றால் டிக்கியில் டெயில் விளக்கின் பின்னால் கட்டாயம் கிடைக்கும். என்னைக் கேட்டால் காலருகே உள்ள இடம்தான் முதல் தேர்வு. கை நன்றாக நுழையும், அலாரப் பெட்டியும் பக்கத்திலேயே இருக்கும்.

வயர் நிறப் பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எங்கே தேடத் தொடங்குவது என்று சொல்ல அவை உதவும். எதை வெட்டுவது என்று சொல்ல அவற்றுக்குத் தகுதியில்லை. ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு நிறம் மாறும். ஐரோப்பிய வண்டிகளின் மின்வரைபடத்தில் டின் 72552 என்ற ஜெர்மன் தரநிலையின் எண்கள் இருந்தால் அவை நம்பகமானவை: 58 பார்க்கிங் விளக்கு, 58எல் இடம், 58ஆர் வலம், 58டி வெளிச்சம் குறைக்கக்கூடிய டேஷ்போர்டு விளக்கு, 30 நிரந்தர பாசிட்டிவ், 31 எர்த்.

இனி அளக்கலாம். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை, பெயிண்ட் இல்லாத உலோக போல்ட்டில். முதலில் சிவப்பு முனையால் எப்போதும் மின்சாரம் இருக்கும் ஏதாவதொரு ஃபியூஸைத் தொட்டு 12.6 வோல்ட்டை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். இது எர்த்துக்கான சோதனை. எர்த் சரியில்லை என்றால் இனி வரும் எண்கள் எல்லாமே பொய்.

அடுத்து, சந்தேகப்படும் வயரைக் கனெக்டரின் பின்புறமாக மெல்லிய ஊசியால் தொடுங்கள். வயர் உறையைக் குத்தித் துளைக்க வேண்டாம். அந்தத் துளை வழியே ஈரம் புகுந்து செம்பு பச்சை பூத்துவிடும். சாவி அணைந்த நிலையில் வரிசையாகச் சோதியுங்கள்:

1. விளக்கு ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது 0 வோல்ட்.
2. பார்க்கிங் நிலையில் 12 வோல்ட்.
3. ஹெட்லைட் நிலையிலும் அதே 12 வோல்ட். இங்கே பூஜ்யமானால் அது நீங்கள் தேடும் வயர் இல்லை.
4. டேஷ்போர்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைச் சுழற்றினாலும் வோல்ட் அசையக் கூடாது.
5. பிரேக்கை மிதித்தாலும், இதற்கு மட்டும் சாவியைப் போட்டு இண்டிகேட்டரை இயக்கினாலும் மாற்றம் இருக்கக் கூடாது.

நான்காவதைத்தான் அவசரக்காரர்கள் தாண்டிவிடுகிறார்கள். டேஷ்போர்டு வெளிச்ச வயரும் முதல் மூன்று சோதனைகளில் சுலபமாகத் தேறிவிடும். அதில் இணைத்தால் அலாரம் அடிக்கும்போது ஸ்பீடோமீட்டர் மட்டும் அழகாக மின்னும். வெளியே ஒரு விளக்கும் எரியாது.

ஐந்திலும் தேறிய வயர் உண்மையிலேயே பல்புச் சுமையைத் தாங்குவதா, வெறும் சிக்னலா என்பது அடுத்த கேள்வி. மீட்டர் இரண்டிலும் 12 தான் காட்டும். விளக்கை அணைத்து, வயரில் 0 வோல்ட் என்று உறுதிசெய்தபின் மீட்டரை ஓமுக்கு (மின்தடை அளக்கும் நிலை) மாற்றி, வயருக்கும் எர்த்துக்கும் இடையே அளவெடுங்கள். குளிர்ந்த இழை பல்புகள் பல இணையாக இருப்பதால் ஓர் ஓமையோ அதற்கும் குறைவாகவோ காட்டும். அப்படியென்றால் சந்தேகமில்லை, பல்புக்குப் போகும் வயர்தான். பல பத்து ஓமோ அதற்கு மேலோ காட்டினால் அதன் மறுமுனையில் ரிலே அல்லது மின்னணுப் பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி. விளக்குகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

அணைந்த நிலையில் 12, பார்க்கிங்கில் 0 என்றால் நெகட்டிவ் சுற்று. ஸ்விட்சின் நிலைக்கேற்ப 5, 3, 1 என்று படிப்படியாக மாறினால் மின்தடை வகை. அங்கேயே நிறுத்திவிட்டு நான்காம் வகைக்கான பகுதிக்குப் போங்கள்.

பாசிட்டிவ் சுற்றில் இணைத்தல்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடம் காத்திருங்கள். ரேடியோவுக்கு ரகசியக் குறியீட்டு எண் உண்டென்றால் கழற்றும் முன் அது கையில் இருக்கட்டும்.

அலாரப் பெட்டியில் விளக்குக்கான வயர் பல தயாரிப்புகளில் வெள்ளை. பெட்டிக்குள்ளோ வெளியிலோ ஒரு ஜம்பரோ (இரண்டு ஊசிகளைச் சேர்க்கும் சின்ன இணைப்பான்), இடம் மாற்றிச் செருகும் ஃபியூஸோ இருக்கும். அந்த வயரில் பாசிட்டிவ் வர வேண்டுமா நெகட்டிவ் வர வேண்டுமா என்பதை அதுதான் முடிவுசெய்கிறது. பாசிட்டிவில் வையுங்கள். கையேட்டில் அந்த வயருக்கு 10 ஆம்பியர் போல எழுதியிருந்தால் நேராக இணைக்கலாம்.

இணைக்கும் முறை இதுதான். கம்பெனி வயரை வெட்டாமல், உறையை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு உரித்தெடுங்கள். உள்ளே இருக்கும் இழைகளைக் கூர்முனையால் நடுவில் பிரித்து ஒரு கண் உண்டாக்கி, அலார வயரின் உரித்த முனையை அதற்குள் நுழைத்து, ஒரு பக்கமாக இறுக்கிச் சுற்றுங்கள். சாலிடர் செம்புக்குள் ஊறி இறங்க வேண்டும். மேலே உருண்டையாக நின்றால் சூடு போதவில்லை. ஆறியபின் துணி டேப்பை ஒட்டியும் ஒட்டாமலும் அல்ல, இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றி, இரு புறமும் ஓர் அங்குலம் தாண்டி முடியுங்கள். பின்பு அந்த இடத்தை வயர் கட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். சாலிடர் செய்த இடம் அதிர்வில் ஆடினால் அதன் ஓரத்தில்தான் இழைகள் ஒடியும்.

வயரை உரிக்காமலே கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப்புகள் கிடைக்கின்றன. நிமிடத்தில் வேலை முடியும். உள்ளிருக்கும் தகடு சில இழைகளை அறுத்துவிடும், சில காலம் கழித்து லூஸ் காண்டாக்ட் ஆகும். அலாரம் போன்ற ஒன்றுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அலாரத்தின் விளக்கு வயர் 200 முதல் 500 மில்லி ஆம்பியர் நெகட்டிவ் மட்டும் தருவதாக இருந்தால் நடுவில் ரிலே வேண்டும். ரிலேயின் முனைகளில் எண்கள் இருக்கும்: 85, 86 காயிலுக்கு; 30, 87 சுமைக்கு. 85க்கு அலார வயர். 86, 30 இரண்டுக்கும் ஃபியூஸ் வழியாக வரும் நிரந்தர பாசிட்டிவ். 87இலிருந்து பார்க்கிங் வயருக்கு. 87ஏ முனை (ரிலே அணைந்திருக்கும்போது 30உடன் சேர்ந்திருப்பது) காலியாக இருக்கட்டும், அதன் மேல் டேப் சுற்றுங்கள். காயில் அணையும்போது எழும் எதிர் மின்னழுத்தம் அலாரப் பெட்டியைத் தாக்காமலிருக்க 1என்4007 டயோடை 85க்கும் 86க்கும் குறுக்கே, கோடு போட்ட முனை 86 பக்கம் வரும்படி வையுங்கள். திருப்பி வைத்தால் அலாரம் வேலை செய்யும் முதல் கணத்திலேயே ஷார்ட். பேட்டரியிலிருந்து நேராக பாசிட்டிவ் எடுத்தால் ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும்.

நெகட்டிவ் சுற்றில் இணைத்தல்

அலாரத்தின் ஜம்பரை நெகட்டிவில் வைத்து, ஸ்விட்ச் வயரோடு சேர்த்தால் முடிந்தது. வண்டியின் சொந்த ரிலேயே சுமையைத் தாங்கிக்கொள்ளும். நமக்கு வேறு ரிலே தேவையில்லை.

ஜம்பரை பாசிட்டிவில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். விளக்கு அணைந்திருக்கும்போது ரிமோட்டை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. காயிலின் இரு முனையிலும் 12 வோல்ட் இருக்கும், அவ்வளவுதான். வேலை செய்யவில்லை என்று நினைத்து விட்டுவிடுவோம். பின்னொரு நாள் விளக்கைப் போட்டிருக்கும் நேரத்தில் ரிமோட்டைத் தொட்டால், அலாரத்தின் 12 வோல்ட் ஸ்விட்ச் வழியே நேராக எர்த்துக்குப் பாயும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். ஸ்விட்சின் காண்டாக்ட் கருகினால் செலவு.

இடது வலது தனியாக இருந்தால்

இரண்டு வயர்களையும் முறுக்கி ஒன்றாக்கிவிடக் கூடாது. ஒரு பக்கத்தை எரியவைத்தால் மறுபக்கமும் எரியும். இண்டிகேட்டரில் இதைச் செய்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்கும் மின்னும்.

பார்க்கிங் விளக்கென்றால் டயோடு போதும். அலாரத்தின் பாசிட்டிவ் வயரை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் ஒரு 1என்5408 டயோடு வையுங்கள். அது 3 ஆம்பியர் தாங்கும். ஒரு பக்கத்துச் சுமை 1.5 ஆம்பியரைத் தாண்டாது. கோடு போட்ட முனை விளக்கின் பக்கம். டயோடில் சுமார் 0.7 முதல் 1 வோல்ட் வரை இழப்பு இருக்கும், வெளிச்சம் சற்றுக் குறையும். மின்னுவதற்கு அது ஒரு பொருட்டல்ல. இண்டிகேட்டரில் ஒரு பக்கமே 3.5 ஆம்பியர் என்பதால் இந்த டயோடு தாங்காது. 6 ஆம்பியர் டயோடுகளோ இரண்டு ரிலேக்களோ போடுங்கள்.

இரண்டு ரிலேக்கள் என்றுதான் சொன்னேன். 87 என்று இரண்டு முனைகள் உள்ள ஒற்றை ரிலே ஒன்று கடைகளில் கிடைக்கும். பார்த்தால் இதற்காகவே செய்ததுபோல இருக்கும். அந்த இரண்டு முனைகளும் உள்ளுக்குள் ஒன்றாகவே சேர்ந்திருக்கும். ரிலே அணைந்திருக்கும்போதும் இடமும் வலமும் பிணைந்தேயிருக்கும். அது நமக்கு உதவாது.

கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள வண்டிகள்

பெட்டியிலிருந்து பல்புக்குப் போகும் வயரில் வெளியிலிருந்து 12 வோல்ட் செலுத்துவதை இங்கே தவிர்க்க வேண்டும். உள்ளே ரிலே இல்லை, மின்னணு ஸ்விட்சுகள். பின்பக்கமாக வரும் மின்சாரத்தை அவை பழுது என்று எடுத்துக்கொண்டு அந்த விளக்கையே துண்டித்துவிடலாம், டேஷ்போர்டில் எச்சரிக்கை எரியலாம்.

மின்தடை வகையென்றால், பேட்டரி கழற்றிய நிலையில் ஸ்விட்சின் கனெக்டரைப் பிரித்து, ஸ்விட்ச் பக்கத்தில் பார்க்கிங் நிலைக்கான ஓமை அளவிடுங்கள். அதே மதிப்புள்ள அரை வாட் ரெசிஸ்டரை, அலாரத்தால் இயங்கும் ரிலே வழியாகச் சிக்னல் வயருக்கும் ஸ்விட்சின் எர்த் வயருக்கும் இடையே இணைத்தால், யாரோ ஸ்விட்சைத் திருப்பியதாகவே பெட்டி நினைத்துக்கொள்ளும். டிஜிட்டல் செய்தி வகைக்கு, உங்கள் வண்டி மாடலுக்கென்று விற்கும் கேன் பஸ் (வண்டியின் மின்னணுப் பெட்டிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் தடம்) மாட்யூல்தான் வழி.

இவ்வளவு பாடுபடும் முன் ஒன்றைப் பாருங்கள். கம்பெனி ரிமோட்டில் பூட்டும்போதே இண்டிகேட்டர் மின்னும் வண்டியா? அலாரமும் அதே மையப் பூட்டின் வழியாகப் பூட்டினால், பூட்டும்போதும் திறக்கும்போதும் வண்டியே மின்னிக் காட்டிவிடக்கூடும். சைரன் அடிக்கும் நேரத்து மின்னல் மட்டும்தான் பாக்கி.

சோதித்தல், கோளாறு பார்த்தல்

பேட்டரியை இணைத்ததும் முதலில் அலாரத்தை மறந்துவிட்டு, வண்டியின் எல்லா விளக்குகளும் முன்போல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பூட்டு, திற, சைரனைத் தூண்டு. பார்க்கிங் விளக்கைப் போட்டுவிட்டும் இதையே செய்யுங்கள். பாசிட்டிவ் இணைப்பில் ஏற்கெனவே எரியும் விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருக்கும். மின்னவில்லை என்று பதற வேண்டாம்.

விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் 87க்குப் பதில் 87ஏ முனையில் வயர் செருகியிருக்கும். அலாரப் பெட்டிக்குள் டிக் டிக் என்று கேட்டும் விளக்கு எரியவில்லை என்றால் ரிலே நன்றாக இருக்கிறது. அதற்கு மின்சாரம் வரும் ஃபியூஸையும் ஜம்பரையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மின்னினால் மூன்றாம் வகையை முதல் வகையென்று நினைத்து இணைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். துருவம் மாறியிருக்கிறதா, வயர் எங்காவது தகட்டில் நசுங்கியிருக்கிறதா என்று தேடுங்கள்.

கடைசியாக, நிற்கும் வண்டி எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று அளக்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்து, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே இணையுங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பவோ ஸ்டார்ட் செய்யவோ கூடாது. மின்னணுப் பெட்டிகள் உறங்கச் சில வண்டிகள் அரை மணிநேரம்கூட எடுக்கும். அதன்பின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நிம்மதி. கூடுதலாகக் காட்டினால் அலாரத்தின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். எண் சட்டென்று இறங்கினால் கோளாறு நம் வேலையில் இருக்கிறது. இறங்கவில்லை என்றால் வண்டி முன்பே அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தது.